முதல் ட்ரில்: வயர் உள்ளதா, பேட்டரி உள்ளதா?

பெங்களூரு அல்சூர் வீட்டு பால்கனிய சின்ன ஒர்க்‌ஷாப்பா மாத்தப்போறேன், முதல்ல எந்த ட்ரில் வாங்கலாம்ணேன்னு தம்பி கேட்டான். என் ஓட்டு வயர் உள்ள ஹேமர் ட்ரில்லுக்குத்தான் (சுத்தும்போதே சுத்தியல் மாதிரி தட்டுற ட்ரில்), 13 எம்எம் சக் (பிட்ட பிடிக்கிற வாய்) இருக்கான்னு பாத்து எஸ்.பி. ரோட்ல நாலு கடை ஏறி இறங்கி கையில பிடிச்சுப் பாத்து வாங்குடா, காங்கிரீட் பீம்ல 8 எம்எம் ஓட்டை போடணும்னா 12 வோல்ட் பேட்டரி ட்ரில் ரொம்ப திணறும், பேட்டரியும் சில வருஷத்துல வீக் ஆயிடும், ஒரு கம்பெனி பேட்டரி பொதுவா இன்னொரு கம்பெனி மெஷின்ல சேராது.

ஆனா ஸ்க்ரூ முடுக்க பேட்டரிதான் சுகம், க்ளட்ச்ச (முடுக்குற விசை அளவு மீறாம பாத்துக்குற வளையம்) சரியா செட் பண்ணா ஸ்க்ரூ தலை தேயறது குறையும், கரண்ட் போனாலும் வேலை நிக்காது. பிளைவுட் அலமாரி மட்டும்னா அதையே வாங்கிக்கோ. எதுவானாலும் சேஃப்டி கண்ணாடி போடாம ட்ரில்ல தொடாத.