83 குதிரை என்று தாளில் போட்ட என் எவ்ரி வான்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

என் சுசுக்கி எவ்ரி டேர்போ வானுக்கு ஈசியூ ரீமப் (எஞ்சினை நடத்தும் கணினியின் அமைப்பை வலுக் கூட மாற்றுவது) செய்து இரண்டு வருடம் ஆகிறது. கிளிநொச்சியில் கடை வைத்திருக்கிறேன். சாமான் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் லொறிகளை முந்த வேண்டும், எனக்குத் தேவை அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் கொழும்புப் பக்கத்து கராஜில் டைனோ (சில்லை உருளையில் ஓடவிட்டு வலுவை அளக்கும் மெஷின்) தாளொன்று தந்தார்கள்: 83 குதிரைவலு. ஜப்பானில் 660 சிசி வாகனங்களுக்குக் கொம்பனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உச்சம் 64 பிஎஸ், அதாவது ஏறக்குறைய 63 குதிரைவலு. அப்படியென்றால் 20 கூடியிருக்கிறது! மச்சான் அன்று முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் இரண்டு தேங்காய் உடைத்தான்.

ஓட்டிப் பார்த்தபோது இழுவை கூடியது உண்மைதான், ஆனால் 20 குதிரைக்கான இழுவை இல்லை. மச்சானோடு வாக்குவாதம் அங்கேதான் தொடங்கியது. ஒருநாள் தாளின் மூலையில் இருந்த சின்ன எழுத்துகளைப் பார்த்தேன். சில்லில் அளந்தது 62. கியர்பெட்டியிலும் அச்சிலும் 25 சதவீதம் போய்விடும் என்று ஊகித்து, 0.75ஆல் வகுத்து 83 ஆக்கியிருக்கிறார்கள். அந்த 62உம் 'எஸ்டிடி' திருத்தம் போட்ட கணக்கு, அதாவது அன்றைய வெப்பத்தில் அளந்ததை ஒரு நிலையான காற்று நிலைக்கு மாற்றிய எண். அது 15.5 பாகை குளிரில் ஓடியதாக எடுத்துக்கொள்ளும். 25 பாகையை வைத்துக் கணக்குப் பார்க்கும் எஸ்ஏஈ திருத்தத்தை விட மூன்று நான்கு சதவீதம் கூடக் காட்டும். எங்கள் ஆவணி வெயிலில் 15 பாகையை எங்கே தேடுவது? அதைவிட, டேர்போ வண்டி உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். அதன் மேல் வெப்பத் திருத்தத்தை முழுதாகப் போட்டால், இழக்காத வலுவுக்கும் புள்ளி கிடைக்கும்.

போன வருடம் இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு இரவு முழுக்க ஓட்டம், மச்சானும் கூட வந்தான், வாய் ஓயவில்லை. பழைய மப்பை (ரீமப்புக்கு முந்தைய அமைப்பை) போட்டு மூன்று ஓட்டம், பிறகு ரீமப்போடு மூன்று ஓட்டம். அதே உருளை, அதே கியர், ஒரே ரயர் காற்று, எஸ்ஏஈ திருத்தம். வண்டியை உருளையில் கட்டும் பட்டியின் இறுக்கத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், அதுவும் அளவை மாற்றும். முதலில் 51, பிறகு 59. கடைசி ஓட்டத்தில் 57க்கு இறங்கியது, உள்ளே போகும் காற்று சூடேறிவிட்டது.

ஆக எனக்குக் கிடைத்தது சில்லில் 8. இந்த 59ஐ 0.85ஆல் வகுத்தால் 69, 0.75ஆல் வகுத்தால் 79. வண்டி ஒன்றுதான். இழப்பு எவ்வளவு என்று தனியாக அளக்காமல் எஞ்சின் வலுவைச் சொல்பவர்களை நான் இப்போது நம்புவதில்லை. முன்னும் பின்னும் ஒரே மெஷினில் அளந்து காட்டாத கராஜுக்குக் காசு கொடுக்கவும் மாட்டேன்.

மற்றபடி குறை சொல்ல முடியாது. 95 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்கிறேன், அந்தச் செலவு கூடுதல். சுமையோடு ஏறும்போது கியர் அடிக்கடி இறங்குவதில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் வேலை இருந்த மாதம் இழுவை செத்துப்போய், ரீமப் பழுதோ என்று பயந்தேன். எயார் பில்டரைக் கழற்றித் தட்டினால் ஒரு கை செம்மண் விழுந்தது.

விற்கும்போது 83 என்று விளம்பரம் போடச் சொல்கிறான் மச்சான். டாஷ்போட்டில் 51உம் 59உம் உள்ள தாளைத்தான் வைத்திருக்கிறேன்.