மழையை அளக்க எது நல்லது: வாளியா, ரேடாரா, மைக்கா?

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கொடிமலைப் பக்கம் கறுத்துவிடும். மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், கீழே ஆறு செம்மண் நிறத்தில் இறங்கி வரும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அப்போது துணி காயப்போட்டிருப்பார்கள். பினாங்கில் எவ்வளவு மழை என்று யாராவது கேட்டால், எந்தத் தெருவில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மழையை அளக்கும் மூன்று வழிகளை அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் கவிழ் வாளி மழைமானி. புனல் வழியாக இறங்கும் நீர் சீசாப் பலகை போல ஏறி இறங்கி ஆடும் இரண்டு சிறு வாளிகளில் ஒன்றில் சேரும். 0.2 மி.மீ. மழைக்கான நீர் நிறைந்ததும் வாளி கவிழும். எத்தனை முறை கவிழ்ந்தது என்பதுதான் கணக்கு. தண்ணீரையே நேராக அளப்பதால் மூன்றிலும் அதிகம் நம்பத்தக்கது இதுதான். ஆனால் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும்போது 7 வினாடிக்கு ஒரு முறை கவிழ வேண்டும். கவிழும் அந்த இடைவெளியில் விழும் நீர் தவறிப்போவதால், திருத்தம் செய்யாவிட்டால் பெருமழையை இது குறைத்தே காட்டும். பராமரிப்பும் வேண்டும். எங்கள் மாடியில் வைத்த மானி ஒரு முறை இரண்டு நாள் மழைக்கும் சுழியம் காட்டியது. திறந்து பார்த்தால் புனல் வாயைச் சருகு அடைத்திருந்தது, உள்ளே எறும்புக் கூடு.

அடுத்தது, ரேடியோ அலையை அனுப்பி, துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பார்க்கும் ரேடார். அது பரந்த பார்வை கொண்டது. மேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வேறு எதுவும் இவ்வளவு நன்றாகச் சொல்லாது. ஆனால் அது பார்ப்பது வானத்தில் உள்ள துளிகளை, தரையில் விழுந்த நீரை அல்ல. மலை குறுக்கே நின்றால் பின்னால் இருப்பது மறைந்துவிடும். சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வது குடியிருப்பாளர் சங்கத்தால் ஆகிற காரியமும் இல்லை.

மூன்றாவது, ஒலி. தகரக் கூரையின் கீழ் வளர்ந்த யாருக்கும் இது புதிதல்ல. கண்ணை மூடிக்கொண்டே தூறலா, அடைமழையா என்று சொல்லிவிடுவோம். துளி மோதும் அடியின் வலிமையை உணர்ந்து மழையை அளக்கும் கருவியை ஜாஸ், வால்ட்ஃபோகல் என்ற இருவர் 1967-லேயே வெளியிட்டார்கள். கடலுக்கடியில் மைக் வைத்தும் மழையை அளக்கிறார்கள்: சுமார் 1 மி.மீ. துளிகள் நீரில் விழும்போது குமிழியை உள்ளிழுக்கும், அந்தக் குமிழி 15 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலிக்கும்.

சரி, சத்தம் கூடினால் மழையும் கூடுதல் என்று கணக்குப் போட்டுவிடலாமா? முடியாது. 5 மி.மீ. துளியில் 1 மி.மீ. துளியைவிட 125 மடங்கு நீர் இருக்கிறது. அதோடு, பெரியது நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது, சிறியது சுமார் 4 மீட்டரில். ஆகவே மோதும் ஆற்றல் 600 மடங்கைத் தாண்டிவிடும். ரேடாருக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. எதிரொலி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுவதால், அதே துளி 15,000 மடங்குக்கு மேல் தெரியும். ஒரே துளிதான், மூன்று தராசும் மூன்று எடை சொல்கின்றன.

இயந்திரக் கற்றல் உதவுவது இங்கேதான். பத்து வினாடி ஒலியை எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படமாக்கி, அதே நேரத்தில் வாளி சொன்ன அளவோடு சேர்த்து, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே பழகும் கணினி நிரலான நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுக்கிறார்கள். சில பெரிய துளிகளின் அடிக்கும் பல சிறு துளிகளின் இரைச்சலுக்கும் உள்ள வேறுபாட்டை அது பழகிக்கொள்கிறது. வாளிதான் ஆசிரியர் என்பதை மறக்கக் கூடாது. ஆசிரியர் பெருமழையில் குறைத்துச் சொன்னால் மாணவனும் குறைத்தே சொல்வான். போதாததற்கு, மணிக்கு 60 மி.மீ.க்கு மேற்பட்ட மிகக் கனமழை அபூர்வம் என்பதால் பயிற்சிக்கும் கொஞ்சம்தான் கிடைக்கும். நமக்குத் தேவையோ அந்த நேரத்து அளவுதான்.

இன்னொரு தொல்லை கூரை. தகரத்தில் பழகியது ஓட்டுக் கூரையில் செல்லாது. மோட்டார் சைக்கிள், மாலையில் அடையும் மைனாக் கூட்டம், தைப்பூசத்தில் தண்ணீர்மலை ரோட்டை அதிரவைக்கும் உறுமி எல்லாவற்றையும் "இது மழை இல்லை" என்று தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். பேச்சும் பதிவாகும் என்பதால், ஒலியைக் கருவியிலேயே கணக்கிட்டு அழித்துவிட்டு எண்ணை மட்டும் அனுப்பும் அமைப்பைத்தான் நான் ஏற்பேன். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவ்வளவு குறை சொன்னபிறகும், தாமான் (குடியிருப்புப் பகுதி) அளவில் நான் மைக்கின் பக்கம்தான். அசையும் பாகம் இல்லை, அடைக்கப் புனல் இல்லை, விலையும் குறைவு என்பதால் ஒரு வாளிக்கு ஆகும் செலவில் பல இடங்களில் வைக்கலாம். ஒரே ஓர் இடத்தின் அளவு துல்லியமாக வேண்டும் என்றால் வாளியை வாங்குங்கள். மலையடிவாரத்திலிருந்து ஆற்றங்கரை வரை தெருத்தெருவாகத் தெரிய வேண்டும் என்றால் வாளி ஒன்று, மைக்குகள் பல.

எங்கள் மாடியில் வாளி அப்படியே இருக்கும். அதன் பக்கத்தில் முதல் மைக்கை வைக்கப்போகிறேன், மேலே சாய்வாக ஒரு தகரத் துண்டு. மற்ற வீடுகளிலும் அதே தடிமனில், அதே அளவில் வெட்டிய தகரம், அதே சாய்வு. அப்போது யார் வீட்டுக் கூரை எதுவாக இருந்தாலும் மைக் கேட்பது ஒரே மாதிரித் தகரத்தைத்தான். செப்டம்பர், அக்டோபர் மழை தொடங்குவதற்குள் தகரத்தை வெட்டி வாங்கிவிட வேண்டும்.