இரண்டு கேமரா, ஒரே கிளிக்: இரட்டைக் கேபிளா, ஒயரா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிலிமில் ஸ்டீரியோ படம், அதாவது இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என ஆழம் தெரியும் ஜோடிப் படம், எடுக்கிறவனுக்குக் காற்றுதான் முதல் எதிரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கரும்பனை ஓலை ஒரு நொடி சும்மா இருக்காது. ஒரே கேமராவைக் கட்டையில் வைத்து, ஒரு படம் எடுத்து, வலப்பக்கம் நகர்த்தி இன்னொன்று எடுப்பது செலவில்லாத வழி. கோயில் தூணுக்கு அது போதும். பனைக்கு உதவாது. ஓலை ஒரு படத்தில் ஓரிடம், அடுத்ததில் வேறிடம் என்றால் கண் வலிதான் மிச்சம்.

ஸ்டீரியோ ரியலிஸ்ட் மாதிரி ஒரே உடம்பில் இரண்டு லென்ஸ் உள்ள கேமரா கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. 1947-ல் வந்த அந்தக் கேமராவில் இரண்டு ஷட்டரும் உள்ளேயே பிணைந்தவை. எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு எஸ்எல்ஆரை (உள்ளே கண்ணாடி வைத்த கேமராவை) பக்கத்தில் பக்கத்தில் பட்டைக்கம்பியில் மாட்டினேன். இரண்டையும் ஒரே நொடியில் சுடவைப்பதுதான் சிக்கல். லென்சுக்கு லென்ஸ் 14 செ.மீ. கிட்டத்தில் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய கணக்கு. அதன்படி நாலு மீட்டருக்கு இந்தப்பக்கம் எதுவும் வரக்கூடாது.

இரட்டைக் கேபிளில்தான் ஆரம்பித்தேன். ஒரே குமிழை அமுக்கினால் இரண்டு ஊசி நீண்டு இரண்டு கேமராவின் ஷட்டரையும் தட்டும்; ஒன்றின் நீளத்தைத் திருகி மாற்றலாம். பேட்டரி வேண்டாம், பழைய மெக்கானிக்கல் கேமராவுக்கும் பொருந்தும். சேற்று வயலில் காளைகளை ஓடவிடும் காளப்பூட்டுப் பந்தயத்துக்கு இதைத்தான் கொண்டுபோனேன். படத்தை வியூவரில் பார்த்தால், இடமிருந்து வலம் ஓடிய காளைகள் வயலைக் குடைந்து பின்னால் போயிருந்தன. வலமிருந்து வந்தவை வரப்புக்கு முன்னால் அந்தரத்தில் தொங்கின. வலக் கேமரா சற்றுப் பிந்தியிருக்கிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடும் காளை 1/100 நொடியில் எட்டு செ.மீ. நகர்ந்துவிடும். 14 செ.மீ. இடைவெளியில் எட்டைக் கழித்தால் ஆழம் எங்கே நிற்கும்?

கேபிளைத் திருகிச் சரிசெய்தால் அன்றைக்குச் சரி. கேபிள் ஒரு பக்கம் வளைந்தாலும், விரல் மெதுவாக அமுக்கினாலும் மறுபடி மாறிவிடும். கண்ணாடி மேலே எழும்ப ஒவ்வொரு உடம்பும் எடுக்கும் நேரம் வேறு தனிக்கதை.

ஒயர் முறைக்கு எலெக்ட்ரானிக் ரிலீஸ், அதாவது ஷட்டரை மின்சாரத்தால் தட்டும் வசதி, உள்ள உடம்பு வேண்டும். கேனான் ஈஓஎஸ் 300-ல் 2.5 மி.மீ. ஜாக் இருக்கிறது. நுனி ஷட்டருக்கு, நடு வளையம் பாதி அமுக்கலுக்கு, அடிப்பாகம் எர்த். இரண்டு கேமராவிலும் ஒரே வேலைக்கான ஒயர்களை ஒன்றோடொன்று இணைத்து, இரண்டு பட்டன் வைத்தால் வேலை முடிந்தது. பற்றவைப்பதை மொபைல் ரிப்பேர் கடையில் செய்துகொண்டேன். பாதி அமுக்கல் பட்டனை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும், இது முக்கியம். இரண்டும் விழித்து, தயாராக நிற்கும். ஃபோகஸும் எக்ஸ்போஷரும் கையால் வைத்தவை என்பதால் அடுத்த பட்டனுக்குக் கேமரா யோசிக்க எதுவும் இல்லை.

சோதனைக்கு வீட்டிலிருந்த டியூப் டிவி. அதன் திரை 1/50 நொடிக்கு ஒருமுறை மேலிருந்து கீழே வரையப்படுவதால், வேகமான ஷட்டரில் ஒரு வெளிச்சப் பட்டை மட்டும் பதியும். முழுப்படமும் ஒரே நேரத்தில் பதியும் லீஃப் ஷட்டரானால் கணக்கே போடலாம்: பட்டை பாதித் திரை தள்ளியிருந்தால் 1/100 நொடி. எஸ்எல்ஆரில் இரண்டு படத்திலும் பட்டை ஒரே இடமா என்று பார்த்தால் போதும். கேபிளில் ஆறு ஜோடி எடுத்தேன், ஆறும் ஆறு விதம். ஒயரில் ஒரு ஜோடிதான் விலகியது. அதில் நான் பாதி அமுக்காமலே சுட்டிருந்தேன்.

இருட்டில் இரண்டையும் பி-யில் (பட்டனைப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் அமைப்பில்) திறந்துவைத்து ஒரே பிளாஷ் அடிப்பதும் உண்டு. பிளாஷ் மின்னும் நேரமே இரண்டுக்கும் எக்ஸ்போஷர் என்பதால் வித்தியாசத்துக்கே இடமில்லை. ஆனால் நான் எடுக்க ஆசைப்படுவது தோல்பாவைக்கூத்து. பிளாஷ் அடித்தால் நிழலே போய்விடும்.

பேட்டரியில் மட்டும் ஒயர் முறை கையைக் கடிக்கிறது. கேமராவுக்கு இரண்டு சிஆர்2 வீதம் நாலு, அதற்கும் கோயம்புத்தூர் போகவேண்டியிருக்கிறது. நாலையும் ஒரே நாளில்தான் மாற்றுகிறேன். ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்றால் பட்டை மறுபடியும் விலகக்கூடும்.