முதலில் ஆய்வகமா, குழந்தைகள் வார்டா?

குழந்தைகளின் ஹார்மோன் கோளாறுகளையும் வளர்சிதை மாற்ற நோய்களையும் ஆராயும் மருத்துவர்களை உருவாக்க அமெரிக்காவில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. மருத்துவக் கல்லூரியில் நுழையும்போதே எம்டி, பிஎச்டி இரண்டையும் சேர்த்துப் படிப்பது ஒன்று. (அங்கே எம்டி என்பது நம் எம்பிபிஎஸ் போல முதல் மருத்துவப் பட்டம்.) மருத்துவராகி, குழந்தை மருத்துவம் முடித்து, நாளமில்லாச் சுரப்பிகளுக்கான சிறப்புப் பயிற்சியின்போது ஆய்வில் இறங்குவது மற்றொன்று.

முதல் வழிக்கு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1964இல் நிதி கொடுக்கத் தொடங்கியது. படிப்பு ஏறத்தாழ 8 ஆண்டு. அந்த நிதி பெறுபவர்களுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு. அமெரிக்க மருத்துவ மாணவர்கள் சுமக்கும் கடனை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் பட்டம் வாங்கியதும் குழந்தை மருத்துவத்துக்கு 3 ஆண்டு, சிறப்புப் பயிற்சிக்கு 3 ஆண்டு காத்திருக்கின்றன. அதைச் சுருக்கச் சில ஏற்பாடுகள் இருந்தாலும், ஆய்வகத்துக்கு முழுதாகத் திரும்புவதற்குள் கற்ற நுட்பங்கள் பழசாகிவிடும். என்னை அதைவிட உறுத்துவது வேறு. எந்தக் குழந்தைகளுக்காக உழைக்கப்போகிறோம் என்று தெரியாத வயதிலேயே பிஎச்டி தலைப்பு முடிவாகிவிடுகிறது.

பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனின் வரலாற்றைப் பாருங்கள். 1994இல் அந்த ஹார்மோனுக்கான மரபணுவை எலிகளில் கண்டறிந்த ஜெஃப்ரி ஃப்ரீட்மன், மருத்துவரான பிறகே பிஎச்டி செய்தவர். மூன்று ஆண்டு கழித்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓராஹிலியின் குழு இரண்டு குழந்தைகளைச் சோதித்தது. 8 வயதுச் சிறுமி 86 கிலோ. அவளுடைய உறவுக் குழந்தை 2 வயதிலேயே 29 கிலோ. இருவரின் இரத்தத்திலும் லெப்டின் மிகமிகக் குறைவு. காரணம் மரபணுப் பிழை. அந்தப் பசி பிள்ளையின் அடங்காமையும் அல்ல, பெற்றோரின் வளர்ப்புக் குறையும் அல்ல. லெப்டின் ஊசி போடத் தொடங்கிய ஓராண்டில் அந்தச் சிறுமியின் எடை 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. 1999இல் அது வெளியானது. அந்தக் குழுவின் சதாஃப் ஃபரூக்கியும் மருத்துவரான பின்பு பிஎச்டிக்கு வந்தவர்தான். பசியில் அழும் குழந்தையைக் கண்ணெதிரே பார்த்தவருக்கு, எலியில் கிடைத்த விடையை எங்கே பொருத்திப் பார்ப்பது என்று தெரிகிறது. அதனால் என் சாய்வு இரண்டாவது வழியின் பக்கம்.

அதன் விலையும் பெரிது. சிறப்புப் பயிற்சியின் முதல் ஆண்டு பெரும்பாலும் நோயாளிகளிடமே கழியும். மிச்சக் காலத்தில் ஆய்வில் வேரூன்றுவது கடினம். அடுத்து ஆய்வகப் பணிக்குக் கே08, நோயாளிகளை நேரடியாக ஆராய்வதற்குக் கே23 என்ற நிதிகளுக்குப் போட்டியிட வேண்டும். கிடைத்தால் 3 முதல் 5 ஆண்டு வரை பணி நேரத்தில் 75% பொதுவாக ஆய்வுக்கே. கிடைக்காவிட்டால் கிளினிக் ஆளை விழுங்கிவிடும். இத்தனைக்கும் இந்தச் சிறப்புத் துறையில் வாழ்நாள் வருவாய், பொதுக் குழந்தை மருத்துவரின் வருவாயைவிடப் பெரும்பாலும் குறைவு. குழந்தை நோய் ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை கல்விக் கடனை அடைக்கும் அரசுத் திட்டம் இல்லையென்றால் பலர் இந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

இன்சுலின் சுரக்கும் செல்லுக்குள் நடப்பதே தன் வாழ்நாள் கேள்வி என்று இருபது வயதிலேயே உறுதியாக அறிந்தவர் முதல் வழியில் போகட்டும். மற்றவர்கள் வார்டிலிருந்து தொடங்கலாம். ஆனால் ஆய்வுக்கான நேரத்தை யாரும் பறிக்கமாட்டார்கள் என்ற உறுதியைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.