இரவு நேர கால்நடை மருத்துவம்: ஃபீஸை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை

புதிதாக நாய்க்குட்டி வளர்க்கத் தொடங்கிய நண்பர், "ராத்திரியில் அவசரம் என்றால் எந்த கிளினிக் மலிவு?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைப்புத் தொல்லை உண்டு. அதனால் நகரத்தில் இரவில் திறந்திருக்கும் மூன்று இடங்களுக்கும் பல வருடமாகப் போய் வருகிறேன்.

இரவுக் கட்டணம் பகலைவிட அதிகம் என்பதில் எனக்கு வருத்தமில்லை. யாரும் வராத இரவிலும் டாக்டருக்கும் உதவியாளருக்கும் சம்பளம் உண்டு, எக்ஸ்ரேயும் ரத்தம் பார்க்கும் மெஷினும் தயாராக இருக்க வேண்டும். என் கோபமெல்லாம் வேறு இடத்தில். போனில் எவ்வளவு என்று கேட்டால் கன்சல்டேஷன் ஃபீஸை மட்டும் சொல்கிறார்கள். பில்லில் அது முதல் வரிதான். அதற்குக் கீழே அவசரக் கட்டணம் என்று தனியாக ஒன்று, ஊசி மருந்துக்கு ஒன்று, அந்த ஊசியைப் போட்டதற்கு ஒன்று, மயக்க மருந்து, சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாய், ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், விடியும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு மணிக்கணக்கில் ஒரு தொகை.

இதில் சிகிச்சை எதையும் வீண் என்று சொல்ல மாட்டேன். சிறுநீர் அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். ஓரிரு நாளில் உயிர் போய்விடலாம். ரத்தம் பார்க்காமல் எப்படி? ஆனால் அடைப்பு என்றால் சுமாராக எவ்வளவு ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதை ஏன் முதலிலேயே சொல்லக் கூடாது?

மூன்றில் ஃபீஸ் குறைந்த இடம்தான் எனக்கு அதிகச் செலவு வைத்தது. அங்கே இரவில் தங்கவைக்கும் வசதி கிடையாது. முதலுதவி முடிந்ததும் இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், ரிப்போர்ட்டையும் கையில் தரவில்லை. போன இடத்தில் மறுபடி ஃபீஸ், மறுபடி அதே ரத்தப் பரிசோதனை. பூனையின் முன்னங்காலில் ரத்தம் எடுக்க இரண்டு இடத்தில் முடி மழித்திருந்ததைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

நடுத்தரக் கட்டணம் வாங்கும் கிளினிக்கில் சிகிச்சைக்கு முன்பே மதிப்பீடு எழுதித் தருகிறார்கள். அட்மிட் செய்தால் ஃபீஸைக் கழித்துவிடுகிறார்கள். காலையில் நம் வழக்கமான டாக்டருக்கு ரிப்போர்ட் போய்விடுகிறது.

ஃபீஸ் அதிகமான மூன்றாவது இடத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது: போனில் டாக்டரே பேசுகிறார், அதற்குக் காசு இல்லை. ஒரு ராத்திரி பூனை வேகமாக மூச்சு விடுவது போலத் தெரிந்தது. "தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணிச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார். 30க்குக் கீழேதான் இருந்தது. ஈறு நிறம், சாப்பாடு, சிறுநீர் எல்லாம் கேட்டுவிட்டு, "காலையில உங்க டாக்டர்கிட்ட காட்டினா போதும்" என்றார். இன்னொரு நாள், மண் தட்டில் பூனை முக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றதும் அதே டாக்டர், "பேசிட்டிருக்காதீங்க, கிளம்புங்க" என்றார்.

நண்பருக்குச் சொன்னது இதுதான். இரவுக் கட்டணம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, விடுமுறைப் பகலும் அதில் சேருமா, அவசரக் கட்டணம் ஃபீஸுக்குள்ளா வெளியிலா, தங்கவைத்தால் இரவு முழுக்க ஆள் இருப்பாரா என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு வயிறு உப்பி, வாந்திக்கு ஓங்கரித்தும் எதுவும் வராவிட்டால் விலை விசாரிக்கவே வேண்டாம். கிட்டத்தில் எது திறந்திருக்கிறதோ அங்கே ஓடுங்கள். சாக்லேட்டோ, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கமோ தின்றுவிட்டாலும் உடனே போன் செய்யுங்கள். டாக்டர் வாந்தி எடுக்கவைப்பது முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால்தான் நல்ல பலன் தரும்.

கணக்குப் பார்த்தால் நடுத்தர கிளினிக்தான் லாபம். ஆனாலும் நண்பருக்கு நான் கொடுத்தது மூன்றாவது இடத்தின் நம்பரைத்தான். ஊசி போட்டதற்குத் தனியாகக் காசு வாங்குவதை அவர்களும் நிறுத்தத்தான் வேண்டும்.