கரன்ட் இல்லாத தோட்டத்துக்கு எது: கன்டெய்னர் வீடா, பஃப் பேனல் வீடா?

ஈபி லைன் வராத நிலம் வாங்கியவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இதுதான்: சரக்குக் கன்டெய்னரையே வீடாக்குவதா, நடுவே நுரை வைத்த தகடுகளால் (பஃப் பேனல்) வீடு கட்டுவதா?

வெயில்: என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கன்டெய்னர் வெறும் இரும்புத் தகடு. உள்ளே வெப்பத்தடுப்பு அடிக்காமல் மே மாதம் அதில் குடியிருக்க முடியாது. அடித்தாலோ 8 அடி அகலம் இன்னும் சுருங்கும். பஃப் பேனலில் இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை ஏற்கெனவே இருக்கிறது. வீடு சூடானால் ஏசி வேண்டும். ஏசி வந்தால் சோலார் பேனலும் பேட்டரியும் பெருகும். உண்மையான செலவு அங்கேதான் ஏறுகிறது.

கொண்டுபோவது: 20 அடி கன்டெய்னர் காலியாகவே 2 டன்னுக்கு மேல், லாரியும் கிரேனும் நுழையப் பாதை வேண்டும். பஃப் பேனல்களைச் சின்ன வண்டியில் ஏற்றி, ஆட்களே இறக்கிவிடலாம்.

உறுதி: இதில் கன்டெய்னர்தான். ஆனால் ஜன்னலுக்காகச் சுவரை அதிகம் வெட்டினால் பலம் குறையும், வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் கொடுத்தே ஆக வேண்டும். பஃப் நுரை தீப்பிடிக்கும்; சமையல் பக்கம் மட்டுமாவது ராக்வுல் (தீப்பிடிக்காத கல்லிழை) பேனல் போடுங்கள்.

மழைநீர்: 20 அடி கன்டெய்னர் கூரை சுமார் 15 சதுர மீட்டர். ஆண்டுக்கு 900 மி.மீ. பெய்தால் அதிகபட்சம் 13,500 லிட்டர், நாளுக்கு 37 லிட்டர்கூட இல்லை. பேனல் வீட்டுக்குக் கூரையை விருப்பம்போல் அகலமாக்கலாம்.

குடும்பத்தோடு நிரந்தரமாக இருக்கப்போகிறீர்களா? பஃப் பேனல். வார இறுதிக்கு மட்டும் வந்துபோவீர்கள், மோட்டாரும் சாமான்களும் பூட்டில் பத்திரமாக இருக்க வேண்டும், பிறகு இடம் மாற்றவும் நேரலாம் என்றால் கன்டெய்னர்.