எரிந்துபோன லேத் மோட்டார்: காயில் கட்டுவதா, புதுசு வாங்குவதா, விஎஃப்டி வைப்பதா?

பழைய நாலரை அடி லேத்தில் 1 எச்.பி. மோட்டார் எரிந்துவிட்டது, பட்டறையில் இருப்பது ஒருமுனை மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம். வழிகள் மூன்று: அதே மோட்டாருக்குக் காயில் கட்டுவது (எரிந்த கம்பிச் சுருள்களை எடுத்துப் புதிதாகச் சுற்றுவது), புது ஒருமுனை மோட்டார் வாங்குவது, மும்முனை மோட்டார் வாங்கி விஎஃப்டி (ஒருமுனையை மும்முனையாக்கி, அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி) வைத்து ஓட்டுவது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ‘1 எச்.பி. மோட்டார் கொடுங்க’ என்று மட்டும் கேட்டுக் கடையில் நிற்காதீர்கள். எச்.பி.யைவிட வேகம் முக்கியம். பழைய மோட்டாரின் விவரப் பிளேட்டில் நிமிடச் சுற்று 1425, 1440 என்று ஏதாவது இருந்தால் அது 4 போல் (நான்கு காந்த முனை) மோட்டார். அந்த இடத்தில் 2880 ஓடும் 2 போல் மோட்டாரை வைத்தால் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். பழைய புஷ் பேரிங் லேத்துக்கு அது ஆபத்து. அடுத்து ஷாஃப்டின் விட்டம், புல்லி வழுக்காமல் ஷாஃப்டில் செருகும் சாவியின் அகலம், மோட்டாரின் கால்களில் உள்ள போல்ட் துளைகளின் இடைவெளி. பெல்ட்டில் ஓடும் மெஷினுக்கு ஷாஃப்ட் உயரம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

என்னைக் கேட்டால் காயில் கட்டுவதைத்தான் முதலில் யோசிப்பேன். பழைய மோட்டார்களின் வார்ப்பிரும்பு உடல் கனமானது. கால் துளை, புல்லி, பெல்ட் எதையும் தொட வேண்டியதில்லை. கோவையில் 1937-லேயே மோட்டார் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் நல்ல கை உள்ள காயில் கடைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்க மூடிகளையும் கழற்றிப் பாருங்கள். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, பேரிங்கின் வெளிவளையம் மூடிக்குள் தானாகச் சுற்றிய பளபளப்பு தெரிந்தால் காயில் மட்டும் கட்டிப் பயனில்லை. சுற்றும் பகுதியான ரோட்டர், காயில் இருக்கும் அசையாத பகுதியான ஸ்டேட்டரில் உரசிய கோடு இருந்தாலும் அப்படித்தான்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவற்றை வெளிப்படையாகக் கேளுங்கள்: செம்புக் கம்பிதானா, பழைய கம்பியின் கேஜையும் (தடிமன்) சுற்றுகளின் எண்ணிக்கையையும் குறித்தாரா, எஃப் கிளாஸ் இன்சுலேஷன் போடுவாரா. எஃப் கிளாஸ் 155 டிகிரி வரை தாங்கும். இன்னொன்று, பழைய காயிலை எடுக்கும்போது ஸ்டேட்டரை நெருப்பில் போட்டு எரிக்க விடாதீர்கள். தகடுகளுக்கு இடையிலுள்ள வார்னிஷ் கருகிவிட்டால், எவ்வளவு நன்றாகக் காயில் கட்டினாலும் மோட்டார் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். திரும்பி வந்ததும் லோடு இல்லாமல் ஓடவிட்டு கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பாருங்கள். பிளேட்டில் உள்ள முழு லோடு ஆம்பியரை அது வெறுமனே ஓடும்போதே எட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

புது ஒருமுனை மோட்டார் சுலபமான வழி. வயரைக் கொடுத்தால் ஓடும். ஆனால் கெப்பாசிட்டர் ஸ்டார்ட் வகைதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். கெப்பாசிட்டரை எப்போதும் இணைப்பிலேயே வைத்து ஓடும் வகை ஃபேனுக்கும் பம்புக்கும் சரி. பெரிய சக்கோடு லேத் கிளம்பும்போது அதற்கு இழுவை போதாது. வீட்டில் சும்மா கிடக்கும் மோனோபிளாக் பம்ப் மோட்டாரும் வேண்டாம்; அது பெரும்பாலும் 2880, ஷாஃப்டும் இம்பெல்லருக்காகச் செய்தது.

அளவிலும் கவனம் வேண்டும். 1 எச்.பி. 4 போல் மும்முனை மோட்டார் வழக்கமாக 80 ஃபிரேமில் (அடியிலிருந்து ஷாஃப்ட் மையம் 80 மி.மீ. உயரம்), 19 மி.மீ. ஷாஃப்டோடு வரும். அதே திறன் ஒருமுனையில் பல நேரம் 90 ஃபிரேமுக்குப் போய்விடும். அதன் ஷாஃப்ட் 24 மி.மீ. உங்கள் பழைய புல்லி முக்கால் அங்குலத் துளை, அதாவது 19.05 மி.மீ. என்றால் 80 ஃபிரேமில் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும், சாவிப்பள்ளத்தை மட்டும் 6 மி.மீ.க்குச் சரிபார்க்க வேண்டியிருக்கும். 24-க்கு என்றால் புல்லியைப் போரிங் செய்தாக வேண்டும், லேத்தோ படுத்துக் கிடக்கிறது.

ஒருமுனை மோட்டாரின் இழுவை சீராக இருக்காது. நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். துளை போடும் மெஷினில் இது தெரியாது. லேத்தில் கடைசி ஃபினிஷிங் வெட்டில் பளபளப்பான பரப்பின் மேல் மெல்லிய வரிகளாகத் தெரியலாம்.

மும்முனை மோட்டாரில் அந்த அதிர்வு இல்லை, அதனால்தான் விஎஃப்டி எனக்குப் பிடிக்கும். சாதாரண சிறு விஎஃப்டி 230 வோல்ட் ஒருமுனையை வாங்கி 230 வோல்ட் மும்முனையாகக் கொடுக்கும், 415 கொடுக்காது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நம் ஊரில் 2 எச்.பி. வரையிலான மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் ஒரு பக்க முனைகளை ஒன்றாக முடிந்து) வருகின்றன. டெர்மினல் பெட்டியைத் திறந்து ஆறு முனைகள் இருந்தால் கவலையில்லை. குறுக்கே ஒரே வரிசையாகப் போட்டிருக்கும் பித்தளைத் தகடுகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று ஜோடியாகப் போட்டால் டெல்டா (காயில்கள் முக்கோணமாக இணைவது), 240 வோல்ட்டுக்குத் தயார். மூன்று வயர் மட்டும் வெளியே வந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளே புதைந்திருக்கிறது. காயில் கட்டுபவர் அதைப் பிரித்து ஆறு வயராக வெளியே எடுத்துத் தருவார். வாங்கும்போதே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

வேகத்தைக் குமிழில் திருப்புவது சுகம்தான், ஆனால் 25 ஹெர்ட்ஸில் மோட்டாரின் திறன் பாதிதான் கிடைக்கும். இழுவை அதிகமாகாது, கூலிங் ஃபேனும் மெதுவாகும். ஆழமாக வெட்டு எடுக்க இன்னும் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பேக் கியர்தான் போட வேண்டும். பழைய ரிவர்ஸ் ஸ்விட்சை விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள். அதை விஎஃப்டியின் கன்ட்ரோல் முனைகளுக்கு மாற்றுங்கள். திருகி மாட்டும் சக் உள்ள லேத்தில் நிற்கும் நேரத்தைச் சில நொடிகளாவது வையுங்கள். சட்டென்று பிரேக் போட்டால் சக் தானாகக் கழன்று வரும்.

டிரெட்மில் மோட்டாரைப் பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் மேல் எழுதியிருக்கும் எச்.பி. தொடர்ந்து இழுக்கும் அளவு அல்ல. திறந்த உடலுக்குள் இரும்புத் தூள் புகும். திருப்பூர்ப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் தையல் மெஷின் சர்வோ மோட்டார் சிறிய பெஞ்ச் லேத்துக்குச் சரி, நாலரை அடிக்குப் போதாது.

ஆக, மூடியும் ஷாஃப்டும் நன்றாக இருந்தால் காயில். அவை போயிருந்தால் லேத்துக்கு விஎஃப்டி, துளை போடும் மெஷினுக்கும் ரம்பத்துக்கும் ஒருமுனை. புது மோட்டார்தான் என்று முடிவானால் பழைய புல்லியைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். கால் துளை சேராவிட்டால் 10 மி.மீ. இரும்புத் தகட்டில் நீள்துளை போட்டு அடியில் வையுங்கள். பெல்ட்டை இறுக்கவும் அதுவே உதவும்.